தாப்பாத்தி முதல் டியாகோ கார்சியா வரை: அகதி முகாமை அரசு நடத்தினால் என்ன, தனியார் நடத்தினால் என்ன? முழு விளக்கம்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் தீப்பெட்டி ஆலைகளும் கம்பும் உளுந்தும் விளையும் மானாவாரி நிலங்களும் எல்லோருக்கும் தெரியும். அதே காட்டுக்குள்தான் எட்டயபுரம் பக்கத்தில் தாப்பாத்தி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. இதே தூத்துக்குடி மாவட்டத்தில் குளத்துவாய்பட்டி, அடுத்த மாவட்டமான விருதுநகரில் குல்லூர்சந்தை, அனுப்பன்குளம் என்று மழை குறைந்த இந்த வட்டாரத்தில் மட்டும் பல முகாம்கள்.

இந்த முகாம்கள் எல்லாமே அரசு நடத்துபவை. ஆனால் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அகதிகளை அடைத்து வைப்பதும், அவர்களுக்கு வீடு கொடுப்பதும் பல ஆயிரம் கோடி ரூபாய் புரளும் தனியார் தொழில். அந்த முகாம்களுக்குள்ளும் தமிழர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்துவிட்டுப் போனவர்கள்.

தனியார் முகாம் என்றால் என்ன, அது எப்படிச் சம்பாதிக்கிறது? அரசு நடத்தினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? நம்ம ஊர் முகாம்களில் இருப்பவர்களின் சட்ட நிலை என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகுதான் இலங்கையிலிருந்து படகுகள் வரத் தொடங்கின. அப்போதிலிருந்து 2012 வரை மொத்தம் 3,04,269 பேர் இந்தியாவுக்கு வந்ததாக மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. ஒரே நேரத்தில் வந்த கூட்டம் இல்லை இது. போர் மூளும்போதெல்லாம் வந்தார்கள், அமைதி திரும்புவதுபோலத் தெரிந்தபோது பலர் திரும்பிப் போனார்கள், சிலர் மறுபடியும் வந்தார்கள்.

2021 ஆகஸ்ட் மாதம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வெளியிட்ட விவரப்படி, முகாம்களுக்குள் 58,822 பேரும், காவல் நிலையத்தில் பதிவு செய்துவிட்டு முகாமுக்கு வெளியே 34,087 பேரும் வாழ்ந்தார்கள். அதே மாதம் 28-ஆம் தேதி, 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது.

பெயர் மாறியது. சட்டத்தின் கண்ணில் அவர்களது நிலை மாறவில்லை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

மறுவாழ்வு முகாம் வேறு, சிறப்பு முகாம் வேறு

இந்த இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

மறுவாழ்வு முகாம் என்பது குடியிருப்பு. தாப்பாத்தி இந்த வகை. பகலில் வெளியே வேலைக்குப் போகலாம், பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போகலாம். பெயிண்ட் அடிப்பது, கட்டட வேலை போன்ற தினக்கூலிதான் பெரும்பாலான ஆண்களுக்குப் பிழைப்பு. ஆனால் குறிப்பிட்ட நாளில் நடக்கும் ஆள் கணக்கெடுப்பின்போது முகாமில் இருந்தாக வேண்டும். வெளியூரில் தங்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். வருவாய்த் துறை அதிகாரிகள் ஒரு பக்கம், கியூ பிரிவு போலீஸ் இன்னொரு பக்கம் என இரண்டு கண்காணிப்பு உண்டு.

சிறப்பு முகாம் என்பது வெளியே போக முடியாத இடம். வெளிநாட்டவர் சட்டம் 1946, ஒரு வெளிநாட்டவர் எங்கே தங்க வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அந்த அதிகாரத்தை வைத்து உருவானவைதான் சிறப்பு முகாம்கள். வேலூர் கோட்டை, செங்கல்பட்டு, பூந்தமல்லி என்று பல இடங்களில் இயங்கி, இப்போது திருச்சி மத்திய சிறை வளாகத்தில் உள்ள முகாம்தான் பேசப்படுகிறது. இலங்கைத் தமிழர்கள் மட்டுமல்ல, விசா முடிந்தவர்கள், வழக்கில் சிக்கியவர்கள் என வேறு நாட்டவரும் அங்கே வைக்கப்படுகிறார்கள்.

"இது சிறை இல்லை" என்பதுதான் அரசின் நிலைப்பாடு. உள்ளே சமைத்துக்கொள்ளலாம் என்பதும் உண்மை. ஆனால் சிறைவாசிக்கு இருக்கும் ஒரு விஷயம் சிறப்பு முகாமில் இருப்பவருக்கு இல்லை: விடுதலைத் தேதி.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் மீதமிருந்த 6 பேரையும் விடுதலை செய்தது. அவர்களில் இலங்கையைச் சேர்ந்த 4 பேர் வீட்டுக்குப் போகவில்லை, திருச்சி சிறப்பு முகாமுக்குத்தான் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான சாந்தன், தாயைப் பார்க்க ஊருக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். பயண அனுமதி கிடைத்த நேரத்தில் உடல்நிலை மோசமாகி, 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரும் அதே ஆண்டு ஏப்ரல் மாதம் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். நீதிமன்றம் 'விடுதலை' என்று சொன்ன பிறகும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு!

அந்த வழக்கைப் பற்றி ஒருவருக்கு என்ன கருத்து இருந்தாலும், தண்டனை முடிந்த பிறகு எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற கேள்வி தனியானது. அதற்கு எழுத்தில் பதில் இல்லை.

தனியார் எங்கே வந்தார்கள்?

பிரிட்டனில் இது பழைய கதை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் பக்கத்தில் ஹார்மண்ட்ஸ்வொர்த் என்ற இடத்தில் 1970-இல் திறக்கப்பட்ட குடியேற்றத் தடுப்பு நிலையத்தை நடத்தியது செக்யூரிகார் என்ற தனியார் காவல் நிறுவனம்.

அமெரிக்காவில் 1983-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இன்று கோர்சிவிக் என்று அழைக்கப்படுகிறது. அதற்குக் கிடைத்த முதல் வேலையே, ஹூஸ்டன் நகரில் குடியேறிகளை அடைத்து வைக்கும் ஒப்பந்தம்தான். கட்டடம் கட்டி முடியும்வரை ஒரு மோட்டலை வாடகைக்கு எடுத்து வேலி போட்டு ஆட்களை வைத்தார்கள். இன்று அமெரிக்காவில் குடியேற்றக் காவலில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குத் தனியார் நடத்தும் இடங்களில்தான் இருக்கிறார்கள். கோர்சிவிக், ஜியோ குரூப் இரண்டும் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள். 2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், குடியேற்றத் தடுப்பு மையங்களுக்கு மட்டும் 4,500 கோடி டாலர் ஒதுக்கியது.

ஆஸ்திரேலியாவில் 2009 முதல் சுமார் 15 ஆண்டுகள், நாட்டுக்குள்ளும் கிறிஸ்துமஸ் தீவிலும் இருந்த தடுப்பு மையங்களை நடத்தியது பிரிட்டனைச் சேர்ந்த செர்கோ நிறுவனம். இப்போது அந்த வேலை ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கிறது.

எப்படிச் சம்பாதிக்கிறார்கள்?

கோவில்பட்டியில் கல்யாணத்துக்கு லாட்ஜ் பேசினால் என்ன செய்வோம்? 20 ரூம் என்று பேசி முன்பணம் கொடுத்தால், 12 ரூமில்தான் ஆள் தங்கினாலும் 20 ரூமுக்கும் காசு கொடுக்க வேண்டும். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் பல ஒப்பந்தங்கள் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 'குறைந்தபட்சம் இத்தனை படுக்கை' என்று உறுதி கொடுத்துவிட்டால், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தொகை போய்ச் சேரும். காலிப் படுக்கைக்கு அரசு பணம் கட்டுவதை அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே 2021-இல் சுட்டிக்காட்டியது.

இன்னொரு முறை, தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்பது. இதில் ஆள் அதிகம் தங்கினால் வருமானம் அதிகம். அதிக நாள் தங்கினாலும் வருமானம் அதிகம். வழக்கை யார் முடித்து வைத்தாலும் நிறுவனத்துக்கு நஷ்டம்தான்.

வருமானத்தின் அளவு ஒப்பந்தத்திலேயே முடிவாகிவிடுகிறது. லாபத்தைக் கூட்ட வேண்டுமென்றால் செலவைக் குறைக்க வேண்டும். காவலர் எண்ணிக்கை, சாப்பாடு, டாக்டர், கட்டடப் பராமரிப்பு... குறைக்கக்கூடிய இடங்கள் இவைதான். ஹாஸ்டல் மெஸ் கான்ட்ராக்ட் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

புகலிடம் கேட்டவர்களுக்கு வீடு கொடுக்கும் பிரிட்டன் ஒப்பந்தத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2019-இல் கிளியர்ஸ்பிரிங்ஸ், மியர்ஸ், செர்கோ என்ற 3 நிறுவனங்களிடம் 10 ஆண்டுகளுக்கு வேலை ஒப்படைக்கப்பட்டது. 10 ஆண்டுக்கும் சேர்த்து 450 கோடி பவுண்ட் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். 2025 மே மாதம் அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட கணக்கில் அது 1,530 கோடி பவுண்டாக ஏறியிருந்தது. மூன்று மடங்குக்கும் மேல்!

காரணம், வீடு கிடைக்காமல் ஹோட்டல்களில் தங்க வைத்தது. தங்குமிடம் பெற்றவர்களில் 35 சதவீதம் பேர்தான் ஹோட்டலில் இருந்தார்கள். ஆனால் மொத்தச் செலவில் 76 சதவீதம் ஹோட்டலுக்கே போனது. 2019 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை அந்த 3 நிறுவனங்களும் சேர்ந்து காட்டிய லாபம் 38.3 கோடி பவுண்ட்.

அந்த ஹோட்டலில் இருந்த குடும்பம் ஆடம்பரமாக வாழ்ந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரே அறையில் மொத்தக் குடும்பமும், சமைக்க வழியில்லாமல், வேலை செய்ய அனுமதி இல்லாமல் மாதக்கணக்கில் காத்துக்கிடப்பதுதான் பலரது நிலைமை. பணம் போனது உண்மை. அது போய்ச் சேர்ந்த இடம் வேறு.

தமிழர்கள் எங்கே வருகிறார்கள்?

முதல் கதை ஆஸ்திரேலியாவில். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயலா என்ற சிறிய ஊர். அங்கே ஓர் ஈழத் தமிழ்த் தம்பதி, ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகளுடன் வாழ்ந்து வந்தார்கள். தந்தை இறைச்சி ஆலையில் வேலை பார்த்தார். விசா முடிந்தது என்று 2018 மார்ச் மாதம் விடியற்காலையில் அதிகாரிகள் வந்து குடும்பத்தையே கொண்டுபோனார்கள். முதலில் மெல்போர்ன் தடுப்பு மையம். நாடு கடத்தும் முயற்சியை நீதிமன்றம் நிறுத்திய பிறகு, 2019 ஆகஸ்டில் கிறிஸ்துமஸ் தீவு. அங்கே ஏறக்குறைய 2 ஆண்டு. இரண்டு இடத்திலும் காவல் பொறுப்பு செர்கோவுடையது.

2021 ஜூனில் இளைய குழந்தைக்கு உடல்நிலை மோசமாகி, பெர்த் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோன பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. 'வீட்டுக்கு அனுப்புங்கள்' என்று பிலோயலா ஊர்க்காரர்களே தொடர்ந்து போராடினார்கள். ஆட்சி மாறி, 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. பின்னர் நிரந்தர விசாவும் கிடைத்தது.

இரண்டாவது கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2021 அக்டோபரில், கனடாவுக்குப் போகக் கிளம்பிய ஒரு படகு இந்தியப் பெருங்கடலில் தத்தளித்தது. அதில் 89 தமிழர்கள். பிரிட்டிஷ் கப்பல்கள் அவர்களை மீட்டு டியாகோ கார்சியா தீவில் இறக்கின. பிரிட்டன் ஆட்சியின் கீழ், அமெரிக்க ராணுவத் தளம் உள்ள தீவு அது. மீட்கப்பட்டவர்களில் சிலர் முன்பு தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்கள்.

தீவில் அவர்களுக்குக் கிடைத்தது வேலி போட்ட இடத்தில் கூடாரங்கள். சுற்றிலும் காவல் இருந்தது ஜி4எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் ஆட்கள். கூடாரத்துக்குள் எலித்தொல்லை. குழந்தைகளும் அதற்குள்தான். தற்கொலை முயற்சிகள் நடந்தன. சிலர் இலங்கைக்குத் திரும்பினார்கள், சிலர் வேறு படகில் கிளம்பினார்கள், சுமார் 60 பேர் அங்கேயே கிடந்தார்கள்.

2024 டிசம்பரில் அவர்களில் பெரும்பாலானோர் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதே மாதம், அந்தத் தீவுப் பகுதியின் உச்ச நீதிமன்றம் அவர்கள் 3 ஆண்டுகள் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருந்ததாகத் தீர்ப்பளித்தது. பெயர் மட்டும்தான் வேறு, மற்றபடி அது சிறைதான் என்ற பொருளில் நீதிபதி எழுதினார். 'உங்கள் பாதுகாப்புக்காகத்தான் வைத்திருக்கிறோம்' என்ற வாதம் எடுபடவில்லை.

நம்ம ஊரில் இப்படி ஒன்று இருந்ததா?

தனியார் லாபத்துக்காக ஆட்களை முகாமில் வைக்கும் வழக்கம் இந்தக் கரிசல் பூமிக்குப் புதிதல்ல. மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி போகும் ரயில் பாதையில் தட்டப்பாறை இருக்கிறது. இலங்கைத் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களைக் கப்பலேற்றும் முன் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கும் முகாம் ஒன்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இயங்கியது. நடத்தியது இந்திய அரசு இல்லை, அன்றைய இலங்கை அரசு. ஆட்களைத் திரட்டும் வேலையை ஒருங்கிணைத்தது, திருச்சியில் அலுவலகம் வைத்திருந்த தோட்ட முதலாளிகளின் தொழிலாளர் ஆணையம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து ராமேஸ்வரம் வழி எளிதான பிறகு மண்டபம் முகாம் முக்கிய இடமானது.

மானாவாரி விவசாயம் பொய்த்த ஆண்டுகளில் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, திருச்சி மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகப் போனவர்களின் வாரிசுகள்தான் மலையகத் தமிழர்கள். இலங்கை சுதந்திரம் பெற்றதும் 1948-இல் அவர்களது குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்னது. 1974-இல் மேலும் 75,000 பேர். அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்காக 1969-இல் தொடங்கப்பட்டதுதான் நமக்குத் தெரிந்த ரெப்கோ வங்கி.

ஆனால் எல்லோரும் வந்து சேரவில்லை. 1983 கலவரம், அடுத்த ஆண்டே நின்றுபோன தலைமன்னார் கப்பல் போக்குவரத்து என்று எல்லாம் சேர்ந்து பலரை நடுவில் நிறுத்திவிட்டது. அவர்களில் ஒரு பகுதியினர் அகதிகளாகப் படகில் வந்தார்கள். இன்றைய முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் இப்படிப்பட்ட மலையகக் குடும்பத்தினர். தாத்தா காலத்தில் மண்டபம் முகாம் வழியாகப் போன குடும்பம், பேரன் காலத்தில் அதே மண்டபம் முகாம் வழியாக வந்திருக்கிறது. போகும்போது இந்தியர் என்று போனார்கள். வரும்போது வெளிநாட்டவர் என்று பதிவு செய்யப்பட்டார்கள்.

அப்போ அரசு நடத்துவது நல்லதுதானே?

பல விஷயங்களில் ஆமாம். தமிழ்நாட்டு முகாமில் ஆள் கூடினால் யாருக்கும் லாபம் இல்லை. சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். 1984-இல் எஸ்.சி.சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் உள்ளே போய் வேலை செய்ய முடிந்தது. முகாம் பிள்ளைகள் பட்டப்படிப்பு வரை வந்திருக்கிறார்கள் என்றால் இதெல்லாம்தான் காரணம்.

2021-இல் அறிவிக்கப்பட்ட 317.40 கோடி ரூபாய் திட்டத்தில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர 231.54 கோடி ஒதுக்கப்பட்டது. முதல் கட்டத்தில் 3,510 வீடுகளுக்கு 108.81 கோடி, அதாவது வீட்டுக்குச் சுமார் 3.10 லட்சம் ரூபாய். ஓலையும் தார் ஷீட்டும் போட்ட பத்துக்குப் பத்து அறையில் 30 ஆண்டு கழித்த குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மாதப் பணக்கொடையும் உயர்ந்தது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கூட்டினால் மாதம் 3,500 ரூபாய். கோவில்பட்டியில் இன்றைக்கு ஒரு குடும்பம் இதை வைத்து மாதம் ஓட்ட முடியுமா என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் கூலி வேலை கட்டாயம். கணக்கெடுப்பு நாளில் முகாமில் இருந்தாக வேண்டும் என்றால், அன்றைய கூலி போச்சு.

ஆனால் அரசு நடத்துகிறது என்ற ஒரே காரணத்தால் எல்லாம் சரியாகிவிடாது. எத்தனை நாள், எந்தச் சட்டப்படி, யாரிடம் முறையிடுவது என்ற மூன்று கேள்விகளைத் தனியார் முகாமிடமும் கேட்க வேண்டும், அரசு முகாமிடமும் கேட்க வேண்டும்.

பிரிட்டனில் புரூக் ஹவுஸ் என்ற தடுப்பு மையத்தில் ஜி4எஸ் ஊழியர்கள் ஆட்களைத் துன்புறுத்தியது 2017-இல் பிபிசியின் ரகசிய கேமராவில் பதிவானது. அதை விசாரித்த பொது விசாரணைக் குழு 2023 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தபோது, நிறுவனத்தின் குறைகளோடு நிற்கவில்லை. யாரையும் 28 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எல்லை வைக்கச் சொன்னது. நடத்தும் நிறுவனம் மாறிவிட்டது. அந்த எல்லையை மட்டும் அரசு ஏற்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் அனுப்ப வேறு நாடே இல்லாதவரைக் காலவரையின்றி அடைத்து வைக்கக் கூடாது என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பலருக்குக் கதவு திறந்தது. இந்தியாவிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. அசாமில் வெளிநாட்டவர் என்று அறிவிக்கப்பட்டு 3 ஆண்டுகளைக் கடந்தவர்களை நிபந்தனையோடு வெளியே விடலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கொரோனா காலமான 2020-இல் அது 2 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. திருச்சி சிறப்பு முகாமுக்கு இப்படி ஒரு பொதுவான கால எல்லை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. நாம் பேச்சில் 'அகதி' என்கிறோம். சட்டத்தில் அவர்கள் வெளிநாட்டவர். பாஸ்போர்ட், விசா இல்லாமல் படகில் வந்ததால், 2003-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின்படி 'சட்டவிரோதக் குடியேறி'.

இங்கேயே பிறந்தவர்கள்? இதில்தான் தேதி முக்கியம். 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் இதை வைத்துத்தான் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட் பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் முதல் ஓட்டும் போட்டார்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அதாவது 2005-இல் ஓர் இந்தியத் தாய்க்கும் முகாமைச் சேர்ந்த தந்தைக்கும் பிறந்த பிள்ளைக்குக்கூட சிக்கல்தான்.

2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

2025-இல் என்ன மாறியது?

1946 சட்டம் உட்பட 4 பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதையொட்டி வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று சொல்லப்பட்டது.

இது நிம்மதி தரும் விஷயம்தான். 'சட்டவிரோதமாக வந்தவர்' என்று யாரும் வழக்குப் போட்டு உள்ளே தள்ள முடியாது. ஆனால் குடியுரிமை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஓட்டு இல்லை, இந்தியப் பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழியில்லை என்ற நிலைமை அப்படியே தொடர்கிறது. 2022 மார்ச் முதல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்து இறங்கியவர்களுக்கு இந்த விலக்கும் பொருந்தாது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2025 மே மாதம், தண்டனைக் காலம் முடிந்தும் காவலில் இருந்த ஓர் இலங்கைத் தமிழரின் மனு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உலகெங்கும் இருந்து வருபவர்களையெல்லாம் தங்க வைக்க இந்தியா சத்திரம் இல்லை என்ற பொருளில் நீதிபதி கருத்துச் சொல்லி, தலையிட மறுத்தார். நீதிமன்றத்தை மட்டும் நம்பி இந்தப் பிரச்சினை தீராது என்பதை முகாம்களில் இருப்பவர்கள் அன்று புரிந்துகொண்டார்கள்.

அடுத்து என்ன கேட்க வேண்டும்?

தடுப்பு மையங்களை அமைப்பது பற்றி மத்திய அரசு மாநிலங்களுக்குத் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. அசாம் மாநிலம் கோல்பாரா மாவட்டம் மாட்டியாவில் 3,000 பேரை வைக்கும் அளவுக்குப் பெரிய மையம் 2023 முதல் இயங்குகிறது. அதுவும் அரசு நடத்துவதுதான். இந்தியாவில் இதுவரை இந்த வேலை கான்ட்ராக்டில் விடப்படவில்லை. விடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் 1,530 கோடி பவுண்ட் கணக்கே போதும்.

ஆனால் தனியாரை வராமல் தடுத்துவிட்டால் மட்டும் தாப்பாத்தியில் இருப்பவருக்கு எதுவும் மாறப்போவதில்லை. அவர்களுக்காகப் பல ஆண்டுகளாக முன்வைக்கப்படும் கோரிக்கைகள் மூன்று. இந்திய வம்சாவளி மலையகக் குடும்பங்களின் பழைய ஒப்பந்தக் கால ஆவணங்களைச் சரிபார்த்துக் குடியுரிமை வழங்குவது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வகையிலிருந்து எடுப்பது. திரும்பிப் போக விரும்புபவர்களுக்குப் பயண ஆவணமும் கப்பலும் ஏற்பாடு செய்வது. முதல் இரண்டும் மத்திய அரசின் கையில். மூன்றாவதற்கு இலங்கை அரசும் வேண்டும். மாநில அரசால் வீடு கட்டித் தர முடியும், பணக்கொடையை உயர்த்த முடியும். குடியுரிமை தர முடியாது.

1983-இல் கைக்குழந்தையாகப் படகில் வந்தவருக்கு இப்போது 40 வயது தாண்டிவிட்டது. அவரது பிள்ளைகள் இங்கேயே பிறந்து, கரிசல் தமிழ் பேசி, இங்கேயுள்ள அரசுப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள். மாதாமாதம் ஆள் கணக்கெடுப்பில் அவர்களது பெயரும் வாசிக்கப்படுகிறது.